வேலாயி, இருநூற்றுப் பதினாலு

அத்தியாயம் 6

"ஆளைக் காணேல்ல எண்டு வாறவையள் போட்டோ கொண்டு வருவினம். நான் கொண்டு வந்தது அவவின்ர வயித்துப் படம். முகம் எனக்குத் தெரியாது," என்றான் றமணன்.

வைரவனின் நாக்கு நுனி வரைக்கும் ஒரு பதில் வந்து நின்றது. வந்தவனின் கண்களைப் பார்த்ததும் அதை அப்படியே விழுங்கிவிட்டான். மூன்று ராத்திரி தூங்காத கண்கள். சவரம் செய்து நாலு நாள் இருக்கும். சட்டைப் பொத்தானை ஒன்று தவறி மாற்றிப் போட்டிருந்தான். அது கூடத் தெரியாமல் ஹட்டன் பஜார் முழுக்க நடந்து வந்திருக்கிறான், பாவம்.

பஜாரில் தன் அண்ணன்மார் நடத்தும் ஜவுளிக் கடைக்கு மேல்மாடியில்தான் அழகம்மையின் ஆபீசு. ஒரு மேசை, மூன்று நாற்காலி, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. தொலைந்த நகை, தொலைந்த காணி உறுதி, தொலைந்த புருசன் என்று எதைத் தேடுகிறவர்களும் அந்த மரப்படியில்தான் ஏறி வருவார்கள். வைரவன் அவளுக்கு உதவியாள். த்ரீவீல் ஓட்டுவதும் அவன், வாயடிப்பதும் அவன். நோர்வூட் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தில் பிறந்தவன் என்பதால் தோட்டத்து விசயம் எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"உக்காருங்க தம்பி. முதல்லேருந்து சொல்லுங்க," என்றாள் அழகம்மை.

றமணன் சொன்னான். யாழ்ப்பாணத்துப் பெடியன். ஹட்டனில் ஒரு தனியார் நிலையத்தில் ஸ்கேன் எடுப்பது அவன் வேலை. வெளிநாட்டிலிருந்து யாரோ புண்ணியவான்கள் உதவி செய்ய, வட்டகொடைப் பக்கம் சின்னக் கல்லுமலைத் தோட்டத்திலிருந்து நாற்பது தொழிலாளர்களை ஆறு நாளைக்கு முன்னால் பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். கழுத்திலிருந்து தொடை வரைக்கும் முழு உடம்பையும் படம் பிடிக்கிற ஸ்கேன். நோய், வருத்தம் எதுவும் தலை காட்டும் முன்னமே அதைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம்.

"முப்பத்தெட்டுப் பேருக்கு ஒண்டும் இல்ல. ஒருத்தருக்குப் பித்தப்பையில கல்லு. மற்றவ இவ." அவன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "இது மண்ணீரலுக்குப் போற ரத்தக் குழாய். இந்த இடத்தில பலூன் மாதிரி வீங்கிக் கிடக்கு, ஒரு பாக்கு அளவு. சுவர் நல்லா மெலிஞ்சு போச்சு. பாரம் தூக்கினா வெடிக்கலாம். தூக்காட்டியும் வெடிக்கலாம். வெடிச்சா ஆசுபத்திரி வாசல் வரைக்கும் கொண்டுபோக ஏலாது."

"பேரு?"

"வேலாயி. வயசு அம்பத்தேழு. உடன கூப்பிட்டு நானே கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனன். டொக்டர் திரும்ப ஸ்கேன் எடுத்தார். ஒண்டுமே இல்ல, சுத்தம். இது வேற ஆளின்ர படம் எண்டு சொல்லிப்போட்டார். வேலாயி வீட்டுக்கு மூண்டு தரம் ஃபோன் எடுத்தனான். உண்மையான ஆள் ஆர், அவவைக் கொண்டு வாங்கோ எண்டு கேட்டா, கட் பண்ணிப்போடுகினம். நேற்று தோட்டத்து ஆபீசுக்கும் எடுத்துக் கேட்டன். வேலாயி ஒருத்திதான், வேற ஆள் இல்லையாம்." படத்தை அழகம்மை பக்கம் நீட்டினான். "அந்தப் பொம்பிளை இப்ப எங்கயோ மலையில கூடையைச் சுமந்துகொண்டு நிக்கிறா. அவவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்."

அழகம்மை படத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். அடிவயிற்றுப் பக்கம் பளிச்சென்று வெள்ளையாக ஒன்று, ஆங்கில டி எழுத்துப் போல.

"இது என்ன?"

றமணன் வைரவனை ஒரு தரம் பார்த்துக் கூச்சப்பட்டான். "லூப். பிள்ளை தங்காமல் இருக்க வைக்கிறது."

"பாத்தீங்களா அக்கா. ஆளைக் கண்டுபிடிக்க டவரே வச்சிருக்காங்க. நம்பர் மட்டும் தெரிஞ்சா அடிச்சுப் பேசிடலாம்," என்றான் வைரவன்.

"வாய மூடு." அழகம்மை சிரிக்கவில்லை. "வேலாயிக்கு அம்பத்தேழு வயசு. அவளுக்கு எதுக்கு லூப்பு? தோட்டத்துல முக்காவாசிப் பேரு புள்ளை பெத்து முடிஞ்சதும் ஆப்பரேசன் பண்ணிக்குவாங்க. லூப் வச்சிருக்கிறவ இன்னொரு புள்ளைக்கு ஆசைப்படுறவ. அப்ப இவ சின்ன வயசு. முப்பது, முப்பத்தஞ்சு. தம்பி, பேர எப்படிப் பதிஞ்சீங்க?"

றமணன் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தான். தோட்டத்து ஆபீசு அனுப்பிய பட்டியல். பேர், நம்பர், வயது. ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் அவன் போட்ட சரி அடையாளம்.

"பேர் என்ன எண்டு கேட்டனான். வேலாயி, இருநூத்திப் பதினாலு எண்டு யோசிக்காமல் டக்கெண்டு சொன்னா. லிஸ்டில நம்பரும் பொருந்திச்சு. அண்டைக்கு எல்லாருக்கும் முகமூடி. ஒரு நாளில நாப்பது பேர் அக்கா. நான் லிஸ்டைத்தான் பாத்தன். முகத்தைப் பாக்கேல்ல."

வைரவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்த த்ரீவீல் சாவி நின்றது.

அவனுக்கு விளங்கிவிட்டது. சொல்லலாமா? சொன்னால் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். சொல்லாவிட்டால் ஒருத்தி செத்துப் போவாள். இரண்டுக்கும் நடுவில் அவன் ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வைரவா, உனக்கு ஜோக்கு வரலைன்னா ஏதோ தெரிஞ்சிருக்குனு அர்த்தம்," என்றாள் அழகம்மை.

"அக்கா, இது இந்த ரூம்ப விட்டு வெளிய போகக் கூடாது."

"போகாது."

அவன் றமணன் பக்கம் திரும்பினான். "சேர், நீங்க பேர் என்னன்னு கேட்டீங்க. தோட்டத்துல பேருன்னா அம்மா அப்பா வச்சது இல்லீங்க. ஆபீசு சம்பளப் பதிவு செக்ரோல்ல பதிஞ்சிருக்கே, அதுதான் பேரு. வயசானவங்களுக்கு மலை ஏற முடியாது. அதுக்காகப் பேர வெட்டிட்டா, அந்தப் பேருக்குக் குடுத்த காம்பராவையும் விடச் சொல்லுவாங்க. இருக்கிற ஒத்தை ரூம்பும் போயிடும். அதனால மகளோ மருமகளோ அந்தப் பேர்ல போய் நிப்பாங்க. காலைல பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பேரும் நம்பரும் கூப்புடுவாங்க. இவ 'இருக்கேன்'னு குரல் குடுக்கணும். கணக்கப்புள்ளைக்குத் தெரியும், கண்டுக்க மாட்டாரு. ஆபீசுக்குத் தெரியக் கூடாது."

"அப்ப அவ எனக்குப் பொய் சொல்லேல்லயா?"

"அவ பொய்யே சொல்லல சேர். எங்கம்மா பேரு ராக்காயி. இருவத்திரெண்டு வருசம் எங்க அப்பாயி பேர்ல நின்னுச்சு, மாரியாயி எம்பத்தெட்டுன்னு. கடைசியில ராக்காயின்னு கூப்புட்டா அது திரும்பிக்கூடப் பாக்காது. மாரியாயின்னாதான் திரும்பும்."

றமணன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நேற்று நான் ஆபீசுக்கு ஃபோன் எடுத்து..."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்று எழுந்தாள் அழகம்மை. "வண்டிய எடு வைரவா."

*

தலவாக்கலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. த்ரீவீலின் பக்கத் திரை படபடவென்று அடிக்க, வைரவன் ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பினான். பின்னால் றமணன் படத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். நனைந்தால் அந்தப் பெண்ணுக்கே ஏதோ ஆகிவிடும் என்பது போல.

"யாரையும் எதுவும் கேக்கப் போறதில்ல. கேட்டா மூச்சுக் காட்ட மாட்டாங்க. பகல் கொழுந்து நிறுக்கிற நேரம் நாம பக்கத்துல நிக்கணும். கணக்கப்புள்ளை இருநூத்திப் பதினாலுன்னு கூப்புடுவாரு. யாரு கூடையத் தூக்கிட்டு வாறாளோ, அவதான்," என்றாள் அழகம்மை.

இவ்வளவு லேசான வழியா என்று வைரவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் லேசாக இருந்ததுதான் அவனுக்குப் பயமாகவும் இருந்தது.

தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில், ரோட்டோரமாகத் தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். பெண்கள் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கணக்கப்புள்ளை கந்தப்பன் வைரவனுக்குத் தெரிந்தவர்தான். த்ரீவீலைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அவர்பாட்டுக்கு நம்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

"வேலாயி, இருநூத்திப் பதினாலு."

"இருக்கேன்."

வரிசை விலகியது. முதுகு கூனி, மூச்சு வாங்க, கூடையை இழுத்துக்கொண்டு வந்தது ஐம்பத்தேழு வயது வேலாயியேதான்.

"இவதான் கண்டிக்கு வந்தவ," என்று றமணன் முனகினான். அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அழகம்மை மட்டும் அந்தக் கைகளைப் பார்த்தாள். மற்றப் பெண்களின் விரல்கள் எல்லாம் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்துக் கிடந்தன. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை அது. வேலாயியின் விரல்கள் வெளுத்திருந்தன. ஆள்காட்டி விரலில் புதிதாகத் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. பல வருசம் கழித்து இன்றைக்குத்தான் மலைக்கு வந்திருக்கிறாள்.

வேலாயியை ஓரமாகக் கூட்டிப்போனார்கள். தேயிலை மரங்களுக்கு நடுவே, மழையில், அந்தப் படத்தை றமணன் விரித்துப் பிடித்தான்.

"அம்மா, கும்பிட்டுக் கேக்கிறன். உங்கட பேரில வந்தவ ஆர்? இந்த இடத்தைப் பாருங்கோ. இது வெடிச்சா அவ இல்ல."

வேலாயி படத்தைப் பார்த்தாள். "எல்லா வவுறும் ஒன்னு போலத்தான் இருக்கும்."

"மகளா? மருமகளா?" என்றாள் அழகம்மை.

"எனக்கு யாரும் இல்லீங்க. எம் பேரு, எங் கூடை. நான்தான் வந்தேன், நான்தான் படுத்தேன். ஆபீசுல போய் அப்படியே சொல்லுங்க."

"நாங்க ஆபீசு ஆளுங்க இல்லம்மா," என்றான் வைரவன்.

"ஆபீசு ஆளுங்க யாரு தம்பி ஆபீசு ஆளுன்னு சொல்லிக்கிட்டு வாறாங்க?"

வேலாயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டாள். நாலு எட்டு வைத்தவள் நின்றாள். அழகம்மையையும் றமணனையும் விட்டுவிட்டு, வைரவனிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்குக் கொழும்புக் கோச்சி நேரத்துக்கு வருதா தம்பி?"

"தெரியலையேம்மா. மழைக்குக் கொஞ்சம் பிந்தும்."

அவள் முகம் வாடியது. தலையைக் குனிந்துகொண்டு மரங்களுக்குள் போய்விட்டாள்.

அழகம்மை வைரவனின் கையைப் பிடித்துக் கிள்ளினாள். "கொழுந்து பறிக்க வந்தவளுக்குக் கோச்சி எத்தனை மணிக்கு வந்தா என்ன? பிந்தும்னு சொன்னதும் மூஞ்சி செத்துப் போச்சு பாத்தியா? மகள அனுப்புறா. ஸ்டேஷனுக்கு விடு."

*

வட்டகொடை ரயில் ஸ்டேஷனில் கோச்சி இன்னும் வரவில்லை. ஆனால் கைகாட்டி விழுந்துவிட்டது. படியில் ஓடி இறங்கும்போது ஒரு பெண், "அண்ணே, ஒரு கை புடிங்க," என்றாள். காலடியில் வாய் கட்டிய பெரிய சாக்கு. வைரவன் பழக்க தோசத்தில் அதைத் தூக்கி அவள் தலையில் ஏற்றிவிட்டான்.

"என்னம்மா, மலையையே பேத்துக் கட்டிட்டீங்களா?"

"சட்டி பானைதாண்ணே," என்று அவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

மேடையில் நாற்பது பேராவது இருப்பார்கள். அதில் சின்ன வயசுப் பெண்கள் மட்டும் பன்னிரண்டு பேர். அழகம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முகத்தை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? அவர்கள் கையில் இருப்பது ஒரு வயிற்றின் படம். விரலைப் பார்க்கலாம் என்றால் அத்தனை பேர் விரலும் கறுப்பு. வேலைக்குப் போகும் பெண்கள், தோட்டத்துப் பெண்கள், எல்லாரும் ஒரே மலையில் வளர்ந்தவர்கள்.

மலையைக் குடைந்த குகைக்கு அந்தப் பக்கம் கோச்சி ஊதியது.

றமணனுக்குப் பொறுமை போய்விட்டது. மேடை நடுவில் நின்று கத்தினான். "வேலாயி அம்மாவின்ர மகள் ஆர்? கல்லுமலைத் தோட்டம். தயவுசெய்து சொல்லுங்கோ. உங்களுக்குத்தான் ஆபத்து."

கூட்டம் அவனை ஏற இறங்கப் பார்த்தது. சட்டை கசங்கிய ஒரு வெளியூர்க்காரன் பெண்ணின் பேரைச் சொல்லிக் கத்தினால் யார் பதில் சொல்வார்கள்?

கோச்சி வந்து நின்றது. கதவுகளில் நெரிசல். பைகளும் பிள்ளைகளும் உள்ளே போயின. ஒவ்வொரு ஆளாக ஏற ஏற, வைரவனுக்கு அம்மாவின் நினைப்பு வந்தது. வாசலில் நின்று அப்பா ராக்காயி ராக்காயி என்று தொண்டை கிழியக் கூப்பிட, பத்தடி தூரத்தில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே நின்ற நினைப்பு.

அவன் தாவி பெஞ்சின் மேல் ஏறினான். இரண்டு கையையும் வாயில் குவித்தான். கணக்கப்புள்ளை பெரட்டில் கூப்பிடுவாரே, கடைசி எழுத்தை இழுத்து, அதே ராகத்தில் கூப்பிட்டான்.

"வேலாயீ... இருநூத்திப் பதினாலு."

"இருக்கேங்க."

யோசிக்காமல் வந்த குரல். கோச்சிப் படியில் ஒரு காலும் மேடையில் ஒரு காலுமாக, தலையில் சாக்கோடு ஒருத்தி திரும்பினாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தான் வாய் திறந்தது தெரிந்தது. முகம் வெளிறிப் போனது.

வைரவன் தன் கையால் ஏற்றிவிட்ட சாக்கு அது.

அவள் உள்ளே ஏறிவிடப் பார்த்தாள். அழகம்மை எட்டி அவள் கையைப் பிடித்தாள். வைரவன் பெஞ்சிலிருந்து குதித்து ஓடிப்போய்ச் சாக்கை இறக்கினான். இறக்கும்போதுதான் அந்தக் கனம் அவனுக்கு உறைத்தது. "தங்கச்சி, இறங்கிரும்மா. ஒன்னையத் தெருவுல விட வரல. சத்தியமா."

கோச்சி அவளை விட்டுவிட்டுப் போனது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். றமணன் அம்புலன்சுக்கு ஃபோன் பண்ணிவிட்டு வந்து, அவள் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தான். படத்தைக் காட்டி, மெதுவாக, ஒன்றும் மறைக்காமல் சொன்னான்.

"நெசமாவே வருத்தமா சேர்?" என்றாள் அவள். "அது வருத்தமே இல்லைன்னு அம்மா சொன்னாங்க. ஆளும் பேரும் ஒன்னான்னு பாக்கத்தான் ஆபீசு அந்த ஸ்கேன வச்சாங்கன்னு. உண்மையான ஆளக் கொண்டு வான்னு மூணு தரம் ஃபோன் வந்துச்சு. நேத்து ஆபீசுல கேட்டாங்களாம். அதான் வீட்டுக்காரருகிட்ட கொழும்புக்குப் போயிருன்னு அனுப்புனாங்க. அம்மாவே கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குப் போயிட்டாங்க."

அவளைக் காப்பாற்ற றமணன் எடுத்த ஒவ்வொரு ஃபோனும்தான் அவளை இந்தச் சாக்கோடு இந்த மேடை வரைக்கும் விரட்டியிருக்கிறது.

"இடது பக்கம் வலிக்குமா?" என்றாள் அழகம்மை.

"கொஞ்ச நாளா இழுத்துப் புடிக்கும். கூடை பாரம்னு நெனச்சேன். அடுத்த மாசம் லூப்ப எடுத்துட்டு இன்னொரு புள்ளை பெத்துக்கலாம்னு..."

"நல்லகாலம் எடுக்கேல்ல," என்றான் றமணன் மிகத் தணிந்த குரலில். "வயித்தில பிள்ளை இருக்கேக்க இது வெடிச்சா ரெண்டு உயிரும் போகும். இப்பச் சரிப்பண்ணலாம். அதுக்குப் பிறகு டொக்டரைக் கேட்டுப் பெறலாம்."

அவள் வைரவனைப் பார்த்தாள். இந்த மூன்று பேரில் தன் ஆள் அவன்தான் என்று தெரிந்திருந்தது. "அண்ணே, ஆசுபத்திரியில எங்க அம்மா பேர்லயே சேத்துருங்கண்ணே. எம் பேர்ல சேந்தா அந்த லிஸ்ட்டு பொய்யாயிரும். அம்மா பேர வெட்டிருவாங்க. எம் மகன் அந்தக் காம்பராவுலதான் இருக்கான்."

"அம்மா பேர்ல அம்மாவோட ரத்தக் குரூப்பும் இருக்கும்மா. அதப் பாத்து ஒனக்கு ஏத்துனா?" என்றாள் அழகம்மை. எத்தனையோ பேரைக் கண்டுபிடித்தவள். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றது அன்றைக்குத்தான்.

றமணன் பையிலிருந்து அந்தப் பட்டியலை எடுத்தான். வேலாயி என்ற வரிசைக்குப் பக்கத்தில் தான் போட்ட சரி அடையாளத்தை ஒரு கோட்டால் அடித்தான். கீழே எழுதினான். எழுதியதை வைரவன் எட்டிப் பார்த்தான்.

'இந்தப் படம் வேலாயியினுடையது அல்ல. வேறொருவரின் பெயரைப் பிழையாகக் கேட்டு இந்த வரிசையில் அடையாளம் இட்டது நான். பிழை முழுவதும் என்னுடையது. றமணன்.'

"தம்பி, இதுக்கு உங்க வேலை போயிடும்," என்றாள் அழகம்மை.

"போகட்டும் அக்கா. எழுதினதில என்ன பொய் இருக்கு? பேரைக் கேட்டனான், ஆளைப் பாக்கேல்ல."

ரோட்டில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. றமணன் புதிதாக ஒரு தாளை எடுத்துப் படத்தின் மேல் வைத்துக்கொண்டான்.

"பேர் என்ன?"

அவள் வைரவனைப் பார்த்தாள். "எந்தப் பேருண்ணே கேக்குறாரு?"

வைரவனுக்கு ஜோக்கு ஒன்றும் வரவில்லை. "ஒங்க அம்மா ஒனக்கு வச்ச பேரு தங்கச்சி."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நாகலெட்சுமி," என்றாள்.

றமணன் உடனே எழுதவில்லை. தலையை நிமிர்த்தி, அந்த முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் பிறகு எழுதினான்.